112 மணி நேரமே ஓடிய டிராக்டரில் ஆயில் கசிவு: வாரண்டி இல்லை என்கிறார்கள்

கேள்வி:
மன்னார்குடி பக்கம், ஆறு ஏக்கர் நெல். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி எடுத்த டிராக்டர். சேற்று உழவில் பின் ஆக்சில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது; ரிம் உள்பக்கம் சேறும் ஆயிலும் குழைந்து கறுப்பாக வழிகிறது. இரண்டு முறை சீல் மாற்றியும் நிற்கவில்லை. இப்போது, "கேஜ் வீல் போட்டீங்க, வாரண்டி கிடையாது" என்கிறார்கள் டீலர் கடையில். டெல்டாவில் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) இல்லாமல் எப்படி உழுவது? நாற்று முற்றுகிறது. வயிறு எரிகிறது.

பதில் 1:
அண்ணே, சீல் மட்டும் மாற்றினால் நிற்காது. கழற்றும்போது கூடவே நில்லுங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள், பள்ளம் தட்டும். பேரிங் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, உடனே மாற்றணும்.

பதில் 2:
வாய்ப்பேச்சு வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு (சர்வீஸில் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதித் தரும் சீட்டு) வாங்குங்கள், வண்டி ஓடிய நேரம் காட்டும் மணி மீட்டரையும் போட்டோ எடுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்:
முதல் பதிலில் தம்பி சொன்னது சரி. நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். போட்டோ எடுத்துவிட்டேன், நாளைக் காலை எழுத்தில் கேட்கிறேன்.