முகிலனின் பஃப் மருந்து

குழு: ஆனைமலைத் தோட்டத்து வீடு
வெள்ளிக்கிழமை

*இரவு 7.40*

பழனிசாமி: தேவி, முகிலனின் ஆஸ்துமாவுக்குக் காலையும் இரவும் வாயில் அடிக்கிறாயே, அந்தப் பஃப் மருந்து ஸ்டீராய்டாம். நார் மில்லில் ஒருவர் சொன்னார். பிள்ளை வளர மாட்டான், உடம்பு ஊதிவிடும், சர்க்கரை வந்துவிடும் என்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக மூச்சிளைப்பே இல்லையே, நாளையிலிருந்து நிறுத்திவிடு சாமி.

மல்லிகா: ஏழு வயதுப் பிள்ளைக்குத் தினமும் மருந்து என்றால் எனக்கும் மனது கேட்கவில்லை.

தேவி: ஸ்டீராய்டுதான் அப்பா, டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார். பூடெசொனைடு, ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். காலை ஒன்று, இரவு ஒன்று. இளைப்பு இல்லாமல் இருப்பதே அதனால்தான். ஆனால் உயரத்தைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. பூங்கொடி சித்தி, நேரம் கிடைக்கும்போது இதைப் பாருங்கள்.

சரவணன்: எங்கள் லைன் வீட்டில் ஒரு பையனுக்கு மூச்சு இழுத்தால் மட்டும் பம்பு அடிக்கிறார்கள். மற்ற நாளில் ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் போதாதா?

*இரவு 8.25*

பூங்கொடி: இப்போதுதான் பார்மசியில் டியூட்டி முடிந்து கோபிக்கு வந்து சேர்ந்தேன். மச்சான், நீங்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நாளைக்கு நிறுத்த வேண்டாம். முதலில் அளவைப் பாருங்கள். போன ஆடிக் காற்றில் முகிலனுக்கு இழுத்தபோது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் கொடுத்தார்கள் அல்லவா? கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால் 20 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம். பஃப்பில் போவது நாளுக்கு 200 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, பூடெசொனைடுக்கு வீரியமும் அதிகம், அதனால் நூறில் ஒரு பங்கு என்று நேர்க்கணக்குப் போடக் கூடாது. ஆனாலும் உடம்பு முழுவதும் பரவும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இது நேராக நுரையீரலுக்குப் போகிறது. தொண்டையில் தங்கி வயிற்றுக்குள் இறங்குவதில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரலே சிதைத்துவிடும்.

பழனிசாமி: உயரம்?

பூங்கொடி: உயரத்தில் கொஞ்சம் பாதிப்பு உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் பூடெசொனைடு நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு அளந்து 2012இல் வெளியிட்டார்கள். மருந்து இல்லாத பஃப் அடித்த குழந்தைகளைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. வளர்ச்சி மந்தப்பட்டது முதல் இரண்டு ஆண்டுகளில்தான், பிறகு அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகவில்லை. முகிலனுக்குப் போவது அதில் பாதி அளவு. கட்டுப்படாத இளைப்பும் வளர்ச்சியைக் கெடுக்கும் மச்சான். இரவெல்லாம் இருமும் பிள்ளை எப்படி உண்ணும், எப்படி உறங்கும்?

பழனிசாமி: சரி அம்மணி. சர்க்கரைக்கு என்ன சொல்கிறாய்? எனக்கும் இருக்கிறது, என் தம்பிக்கும் இருக்கிறது. அதுதான் பயம்.

பூங்கொடி: ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ நிறையப் போனால் கல்லீரல் சர்க்கரையைக் கூடுதலாக உண்டாக்கும், இன்சுலினின் வேலையும் மந்தமாகும். பசி அதிகமாகும், முகம் உப்பும். நார் மில்காரர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். பஃப்பில் இந்தக் குறைந்த அளவுக்குப் பொதுவாக அப்படி நடப்பதில்லை.

பஃப் மருந்தில் டாக்டர்கள் உண்மையில் பயப்படுவது இதற்கு நேர் எதிரானதற்கு, சர்க்கரை இறங்குவதற்கு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கிறது. அதுவும் ஒரு ஸ்டீராய்டுதான், நம் உடம்பே செய்துகொள்வது. ஃப்ளூட்டிகசோன் போன்ற பஃப் ஸ்டீராய்டை நாளுக்கு 500 மைக்ரோகிராம், அதற்கு மேல் என்று பல மாதம் இழுத்தால், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று சுரப்பி அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலோ, தேவையான கார்டிசால் கிடைக்காது. ரத்தச் சர்க்கரை இறங்கும், வாந்தி வரும், பிள்ளை துவண்டுபோகும், வலிப்புகூட வரலாம். அபூர்வம்தான், முகிலனின் அளவில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் எந்த ஸ்டீராய்டையும் நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரவணன்: அப்படியானால் இழுக்கும்போது அடிக்கும் பம்பில் ஸ்டீராய்டு இல்லையே சித்தி, அது நல்லதுதானே?

பூங்கொடி: அது சால்பியூட்டமால். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதற்கும் உடம்பில் வேலை உண்டு. ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும், சர்க்கரையைச் சற்று ஏற்றும், நெஞ்சு படபடக்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மருந்தை ஆவி போலக் கொடுக்கும் நெபுலைசரை அடுத்தடுத்து வைக்கும்போது மருத்துவமனையில் பொட்டாசியம் பார்ப்பது அதற்காகத்தான். அந்தப் பையனின் வீட்டில் டாக்டரிடம் கேட்கச் சொல் தம்பி, அடிக்கடி பம்பு தேவைப்பட்டால் வீக்கத்துக்கு மருந்து வேண்டும் என்று அர்த்தம்.

தேவி: அன்றைக்கு ஆவி வைத்து வீட்டுக்கு வந்ததும் முகிலன் பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அப்போதும் விரல் நடுங்கிச் சட்டையெல்லாம் பால். பயந்தே போனேன். இரவுக்குள் சரியாகிவிட்டது.

பூங்கொடி: அது சால்பியூட்டமாலால் வந்த நடுக்கம்தான் கண்ணு. தினசரிப் பஃப் ஒழுங்காகப் போனால் ஆவிக்கும் சிரப்புக்கும் வேலை குறையும். பெரிய அளவு ஸ்டீராய்டை உடம்புக்குள் விடாமல் தடுப்பது இந்தச் சின்ன அளவுதான். எப்படி அடிக்கிறாய், சொல்லு.

தேவி: குலுக்கி, பஃப்போடு மாட்டும் ஸ்பேசர் குடுவையில் ஒரு பஃப். ஆறு மூச்சு இழுக்கிறான், நான் எண்ணுகிறேன். பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்கிறேன். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவைக்கிறேன்.

பூங்கொடி: மிகச் சரி. துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படராது.

மல்லிகா: மருந்து இருக்கிறதா என்று தெரிய டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்களே?

பூங்கொடி: வேண்டாம் அக்கா. அதில் சரியாகத் தெரியாது, துளையும் அடைத்துக்கொள்ளும். 200 பஃப் டப்பா என்றால் தினம் இரண்டு வீதம் 100 நாள். திறந்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள்.

*இரவு 9.10*

பழனிசாமி: எல்லாம் படித்தேன் அம்மணி. காலம் முழுவதும் அடிக்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லிவிடு.

பூங்கொடி: அப்படியில்லை மச்சான். மூன்று மாதம் போல இளைப்பு அடங்கியிருந்தால் டாக்டர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். எந்தக் குறைந்த அளவில் பிள்ளை நன்றாக இருக்கிறானோ, அதில் நிறுத்திவைப்பதுதான் முறை. ஒவ்வொரு முறை போகும்போதும் உயரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வளர்ச்சி தடைப்பட்டால் அதிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, நார் மில்லிலிருந்து வந்ததும் தூசி போகக் குளித்துச் சட்டை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அவன் அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம்.

பழனிசாமி: அப்படியே செய்கிறேன். தேவி, நிறுத்த வேண்டாம், இன்று இரவும் அடித்துவிடு. அடுத்த முறை டாக்டரிடம் எப்போது?

தேவி: செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சியில். 10 மணிக்கு டோக்கன்.

பழனிசாமி: நானும் வருகிறேன். அளவைக் குறைக்கலாமா என்று நானே கேட்கிறேன்.