வேலந்தாவளத்துத் தம்பிக்கு: அமெரிக்காவில் வேற்றினத்துப் பெண்ணை மணப்பது பற்றி

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் பாலக்காட்டுப் பக்கம்தான், கொழிஞ்சாம்பாறை. கூட வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை, இங்கே சட்டம் தடுக்குமா, ஊரில் ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் தடுக்காது. ஆனால் அந்த உரிமை லேசில் வந்ததல்ல. வெர்ஜீனியாவில் மில்ட்ரெட், ரிச்சர்ட் லவ்விங் தம்பதியை 1958இல் நடுராத்திரியில் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தார்கள். அவள் கறுப்பினம், அவர் வெள்ளையர். 25 ஆண்டுகள் அந்த மாநிலத்துக்குள் சேர்ந்து வரக்கூடாது என்ற நிபந்தனையில்தான் ஓராண்டுச் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி வேற்றினத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்களை ரத்து செய்தபோது 16 மாநிலங்களில் அவை இருந்தன. கேலப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்றவர்கள் 1958இல் 4 சதவீதம், 2021இல் 94.

கல்யாணத்தை இங்கேயே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் லைசென்ஸ் எடுத்து முடிப்பது சுலபம். சான்றிதழுக்கு மாநில அரசிடம் அப்போஸ்டில் (வெளிநாட்டிலும் செல்லும்படி தரும் அத்தாட்சி) வாங்கி வையுங்கள். ஊரில்தான் என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்: ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தபின் இன்னொரு 30 நாள். அதை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். நம் ஊரில் ஒருத்தர் பார்த்தால் போதும், சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சுதான்.

அதனால்தான் சொல்கிறேன், அம்மாவிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். என் தங்கை இங்கே ஒரு கறுப்பின அமெரிக்கரைக் கட்டினாள். சொல்லப் பயந்து தள்ளிப்போட்டாள். போட்டோ யார் யாரோ வாட்ஸ்அப் வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. “ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம்தானே கண்ணு எனக்குத் தெரிஞ்சுது” என்று அழுதவர், இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. “அவங்க என்ன ஆளுங்க?” என்று முதலில் கேட்டார், நிறம் அப்புறம்தான் வந்தது. பெரியப்பா நிறத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசி, இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்து வாழும் ஊர் நம்முடையது. அங்கேயே இப்படி.

அந்தப் பெண்ணிடமும் நம் வீட்டில் என்னென்ன சொல்வார்கள் என்பதை மறைக்காதீர்கள். அவளுக்குத் தெரியாமல் ஊருக்குக் கூட்டிப்போனால் முதல் பேச்சிலேயே நொறுங்கிப்போவாள். ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை), திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் ஆனபின்தான் கேட்க முடியும். முதல் பயணத்துக்கு விசாவை முன்னாலேயே பாருங்கள்.