மறுமொழி: 'லெர்ப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலாக்க ஆவணத்தின் வரைவில் வரும் 'லெர்ப்' என்ற செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) தமிழ்ப் பெயர் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது. 'லீனியர் இன்டர்போலேஷன்' என்பதன் சுருக்கம்தான் லெர்ப். ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாக எழுதாமல் இங்கேயே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> இரண்டு புள்ளிகள் தெரியும். அவற்றை இணைக்கும் நேர்கோட்டில் நாம் கேட்கும் இடத்தில் உள்ள புள்ளியைத் தரும் செயற்கூறுக்குப் பெயர் வேண்டும். பாடநூலில் இருக்கும் 'இடைச்செருகல்' போதாதா?

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் அந்தச் சொல் இருப்பது உண்மைதான். அதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் ஏராளம். கணிதப் பாடத்தில் அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. நம் முன் இருப்பது நிரலாக்க ஆவணம். அங்கே இந்தச் சொல் சரிப்படாது என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு இங்கே சொல்லப்பட்ட காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

> இடைச்செருகல் என்றாலே கம்பராமாயணத்தில் பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. கெட்ட பெயர் வாங்கிய சொல்.

ஐயா, இன்டர்போலேஷனும் அதே கெட்ட பெயரோடு வந்த சொல்தான். அதன் லத்தீன் மூலத்துக்குப் பழையதைப் புதுப்பித்தல், மாற்றிக் கெடுத்தல் என்றெல்லாம் பொருள் உண்டு. மூலநூலில் இல்லாததை நுழைப்பதையும் ஆங்கிலத்தில் அப்படியேதான் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். ஆக, 'இடைச்செருகல்' என்று தமிழில் ஆக்கியவர் மூலத்தின் வரலாற்றையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இடிப்பது 'செருகு' என்ற வினை. லெர்ப் எதையும் எங்கும் செருகுவதில்லை. தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் பார்த்து, நடுவே ஓரிடத்தில் என்ன மதிப்பு என்று சொல்கிறது, அவ்வளவுதான். நிரலாக்கத்திலோ 'செருகு' ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். பட்டியலுக்குள் ஓர் உறுப்பைச் செருகுகிறோம், ஆவணத்தில் படத்தைச் செருகுகிறோம். செயற்கூறின் பெயரில் 'செருகு' என்று பார்க்கும் மாணவர், அது எதையோ மாற்றப் போகிறது என்றுதான் நினைப்பார்.

இன்னொன்றும் உண்டு. இதை யாரும் எழுப்பாதது எனக்கு வியப்பு. ஒரு வாக்கியத்தின் நடுவில் மாறியின் மதிப்பைப் பொருத்தும் வசதி பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறதே, அதற்கும் ஆங்கிலத்தில் இன்டர்போலேஷன் என்றுதான் பெயர். அங்கே நடப்பது அசல் செருகல். 'வணக்கம்' என்பதற்குப் பக்கத்தில் பயனரின் பெயர் போய் உட்காருகிறது. அந்த வேலைக்கு 'இடைச்செருகல்' அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அங்கே அதை வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறது என்பதற்காக நாமும் குழப்ப வேண்டியதில்லை.

> அப்படியானால் 'நேரியல் இடைக்கணிப்பு'. சுருக்கமாக 'நேரிடை'.

'நேரிடை' வேண்டவே வேண்டாம். 'நேரிடையாகப் பேசினார்' என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. தேடினால் அதுதான் கிடைக்கும்.

'இடைக்கணிப்பு' நல்ல சொல். 1971, 1981 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு 1976-இல் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்கிறோமே, அது கணிப்பு. உண்மை எண் வேறாக இருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆனால் திரையில் ஒரு பந்தை இங்கிருந்து அங்கே நகர்த்தும்போது நாம் எதையும் ஊகிக்கவில்லை. கோடு நேரானது என்பது நாமே வைத்த விதி. கால் தூரத்தில் பந்து எங்கே என்ற கேள்விக்கு ஒரே விடைதான். தேர்தல் கருத்துக்கணிப்பு கேட்டுப் பழகிய காதில் 'கணிப்பு' என்றால் தோராயம் என்ற வாடை வரும்.

இதை வெறும் காதுக் கூச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தச் செயற்கூறில் பிழை வரும் இடம் ஒன்று உண்மையிலேயே உண்டு. அது கணிப்பால் வருவதல்ல, எண்ணைச் சேமிக்கும் விதத்தால் வருவது. வழக்கமான வடிவம் இது ('பங்கு' என்பது கோட்டில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லும் மூன்றாவது உள்ளீடு; 0 என்றால் தொடக்கம், 1 என்றால் இறுதி):

தொடக்கம் + (இறுதி − தொடக்கம்) × பங்கு

தொடக்கம் 10000000000000000, அதாவது 1-க்குப் பின் 16 சுழியங்கள், இறுதி 1 என்று வையுங்கள். பங்கு 1 என்றால் விடை 1 வர வேண்டும். கணினி பின்ன எண்களை வழக்கமாகச் சேமிக்கும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் கணக்கிட்டால் 0 வரும். அவ்வளவு பெரிய எண்களில் ஒற்றைப்படை எண்ணை வைக்க இடமில்லாததால், கழிக்கும்போதே அந்த ஒன்று காணாமல் போய்விடுகிறது. (1 − பங்கு) × தொடக்கம் + பங்கு × இறுதி என்று எழுதினால் இரண்டு முனைகளும் சரியாக வரும். ஆனால் தொடக்கமும் இறுதியும் ஒரே எண்ணாக இருக்கும்போதுகூடச் சில பங்குகளுக்குக் கடைசி இலக்கம் நகர்ந்துவிடும். இந்தத் தொல்லையெல்லாம் தெரிந்துதான் சி++ மொழியின் 2020 தரத்தில் இதற்கென்றே ஒரு செயற்கூறைச் சேர்த்து, முனைகளில் விடை துல்லியமாக வர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். பெயரிலேயே 'கணிப்பு' என்று வைத்துவிட்டால், மாணவர் இந்தப் பிழையைப் பார்த்து 'கணிப்புதானே, அப்படித்தான் வரும்' என்று போய்விடுவார்.

அடுத்தது, யாரும் தொடாத ஒன்று: மூன்றாவது உள்ளீட்டின் பெயர். வரைவில் 'விகிதம்' என்று இருக்கிறது. மாற்ற வேண்டும்.

தமிழ்வழியில் படித்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. பள்ளியில் பிரிவுச் சூத்திரம் என்று போட்டதுதான். கோட்டுத்துண்டை 1:3 என்ற விகிதத்தில் உட்புறமாகப் பிரிக்கும் புள்ளியைக் காண்க என்று கேட்பார்கள். லெர்ப் அதே சூத்திரம். எழுதும் முறைதான் வேறு. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. விகிதம் 1:3 என்றால் லெர்ப்புக்குக் கொடுக்க வேண்டியது 1/3 இல்லை, 1/4. மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் இங்கே கேள்வி. 'விகிதம்' என்று பெயர் வைத்தால் 0.33 என்று தட்டிவிட்டு, புள்ளி ஏன் தள்ளி நிற்கிறது என்று குழம்புபவர்கள் கட்டாயம் இருப்பார்கள். 'பங்கு' என்றால் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று வாயில் தானாக வருகிறது. பங்குச் சந்தை நினைவு வந்தால் வரட்டும், கெடுதல் இல்லை.

சரி, செயற்கூறுக்கு என் முன்மொழிவு: இடைகாண். பெயர்ச்சொல்லாக வேண்டும்போது இடைகாணல். முழுப் பெயர் நேரியல் இடைகாணல்.

கணக்குப் புத்தகத்தில் 'காண்க' என்பதைவிடப் பழகிய சொல் கிடையாது. மதிப்பு காண்க, தீர்வு காண்க, விடை காண்க. செயற்கூறுக்குப் பெயராக ஏவல் வினை பொருந்தும் என்பதும் ஒரு வசதி. எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியில் எழுதிப் பார்த்தேன்:

நிரல்பாகம் இடைகாண்(தொடக்கம், இறுதி, பங்கு)
  பின்கொடு தொடக்கம் + (இறுதி - தொடக்கம்) * பங்கு
முடி

'முடிவு' என்று எழுதாமல் 'இறுதி' என்று எழுதியது, கீழே நிற்கும் 'முடி' என்ற சிறப்புச் சொல்லோடு கண் குழம்பக் கூடாது என்பதற்காக. பைத்தான் 3-லும் தமிழ்ப் பெயர்களை மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் வைக்கலாம் என்பதால் அங்கேயும் இதே பெயர் ஓடும்.

'இடைக்காண்' என்று ஒற்று மிக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 'விடை காண்' என்பதில் மிகுகிறதா? இரண்டாம் வேற்றுமைத் தொகை. இங்கேயும் இடையைக் காண்கிறோம். 'இடை' என்றால் இடுப்பு என்று ஒரு நண்பர் தனிமடலில் சிரித்திருந்தார். இடைவேளையிலும் இடைத்தேர்தலிலும் அவருக்கு இடுப்பு நினைவு வருவதில்லை என்று நம்புகிறேன்.

> திரையில் கோடு வரையும்போது ஒவ்வொரு பிக்சலாகப் புள்ளி கணக்கிடுகிறோமே, அதற்கும் இதே சொல்தானே?

இல்லை தம்பி. இது வேறு வேலை. (0,0)-இலிருந்து (8,3) வரை ஒரு கோடு. இடைகாண் செயற்கூறிடம் பாதி வழியில் எங்கே என்று கேட்டால் (4, 1.5) என்று சொல்லிவிட்டுப் போய்விடும். திரையில் ஒன்றரையாவது வரிசை கிடையாது. முதல் வரிசையா, இரண்டாவதா? யாராவது முடிவெடுக்க வேண்டும். அதைப் பின்னமே இல்லாமல், முழு எண்களைக் கூட்டிக் கழித்தே முடிக்கும் படிமுறைதான் பிரெசன்ஹாமுடையது. 1962-இல் சான் ஹோசேயில் ஐபிஎம் ஆய்வகத்தில், கணினியோடு இணைத்த ஒரு வரைபொறிக்காக அவர் உருவாக்கியது. 1965-இல் கட்டுரையாக வந்தது. அந்த வரைபொறியின் பேனா ஒரு நேரத்தில் எட்டுத் திசைகளில் ஒன்றில் ஒரு தப்படி மட்டுமே நகரும். அதனால் ஒவ்வொரு தப்படியிலும் கேள்வி ஒன்றுதான்: நேரே போவதா, சாய்ந்து போவதா?

நம் கோட்டுக்குப் போட்டால், முடிவெடுக்கும் எண் 2×3 − 8 = −2 என்று தொடங்கும். அது சுழியத்தைத் தாண்டியிருந்தால் சாய்ந்து போய் 10-ஐக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் நேரே போய் 6-ஐக் கூட்ட வேண்டும். வரிசைகள் 0, 0, 1, 1, 1, 2, 2, 3, 3 என்று வரும். நான்காவது தப்படிக்கு முன் அந்த எண் சரியாகச் சுழியம் ஆகிறது. ஒன்றரைக்கு எந்தப் பக்கம் என்ற இழுபறி அதுதான். சுழியத்தையும் சாய்வுக் கணக்கில் சேர்த்தால் அங்கே 1-க்குப் பதில் 2 வரும். இரண்டும் சரிதான், ஆனால் நிரல் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இங்கே காண்பது என்ற வேலையே இல்லை, தேர்வதுதான் இருக்கிறது. ஆகவே 'கட்டம் தேர்தல்' என்று வைக்கலாம். தேர்தல் என்றதும் வாக்குச்சாவடி வருகிறது என்றால் 'கட்டத் தேர்வு'. எனக்கு இதில் பிடிவாதம் இல்லை.

'இடைகாண்' நிலைத்தால் அதன் மேல் மற்றவற்றைக் கட்டுவது எளிது. சிட்ரோயன் கார் நிறுவனத்தில் 1959-இல் காஸ்டெல்ஜோ கண்ட வளைவு முறையை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்: மூன்று புள்ளிகள், பக்கத்துப் பக்கத்து இரண்டுக்கும் இடைகாண், கிடைத்த இரண்டுக்கும் மறுபடி இடைகாண். உங்கள் திரையில் இந்த மடலின் தமிழ் எழுத்துகள் ட்ரூடைப் எழுத்துருவில் தெரிந்தால், 'அ'வின் சுழி அப்படிப்பட்ட வளைவுகளைக் கோத்து வரைந்ததுதான். கோளத்தின் மேல் போகும் வகைக்குக் கோள இடைகாணல், படத்தைப் பெரிதாக்கும்போது இரு அச்சிலும் செய்வதற்கு ஈரச்சு இடைகாணல். வண்ணம், ஒலியளவு எல்லாவற்றுக்கும் செல்லும்; 'புள்ளி' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்காததும் அதற்காகத்தான்.

மிச்சம் இருப்பது ஒரே தலைவலி. பங்கு 1-ஐத் தாண்டினால் கோட்டை நீட்டி அதற்கு வெளியே உள்ள புள்ளி கிடைக்கும். யூனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சின்கள் இதைத் தடுத்து, பங்கை 0-க்கும் 1-க்கும் நடுவே பிடித்து வைக்கும் வடிவத்தையே இயல்பாகத் தருகின்றன. பிடிக்காத வடிவம் தனியாக இருக்கிறது. நமக்கும் இரண்டு பெயர் வேண்டும். பாடநூல் வழியில் போனால் புறச்செருகல். இடைக்கணிப்புக்கு இணையாகப் போனால் புறக்கணிப்பு, தேர்தலைப் புறக்கணிப்பதாகிவிடும். என் வழியில் போனாலும் நிலைமை மோசம்: 'புறங்காணல்' என்றால் பகைவரை முதுகு காட்டி ஓட வைப்பது. தற்போதைக்கு 'அப்பால்காண்' என்று வரைவில் போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். 'புற' என்று தொடங்காத எதுவானாலும் சரி.