மகளுக்குப் பியானோ கிரேடு தேர்வு, வீட்டில் இருப்பதோ 61 கீ கீபோர்டு. எதை வாங்குவது?

திருச்சி_மாடிவீடு
வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது, இதுவரை வீட்டில் இருக்கும் 61 கீ கீபோர்டில்தான் வாசித்துப் பழகினாள். இப்போது டீச்சர் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு 1 தேர்வுக்குத் தயார் செய்கிறார். அவர் வீட்டில் இருப்பது நிஜப் பியானோ, அதில் உட்கார்ந்தால் கட்டை அமுங்கவே மாட்டேன் என்கிறது என்று வந்து அழுகிறாள். விரலில் பலமே இல்லை, வீட்டுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள் என்கிறார் டீச்சர். கடையில் கேட்டால் "இதுவும் டச் சென்சிட்டிவ்தான் சார், 600 டோன் இருக்கு" என்று இன்னொரு 61 கீயையே தள்ளப் பார்க்கிறார்கள். பட்ஜெட் 45 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 50. முதல் மாடியில் வாடகை, கீழே ஹவுஸ் ஓனர். சொந்தக்காரர் ஒருவர் பழைய அப்ரைட் பியானோவை (பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் நிஜப் பியானோ) சும்மாவே தருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா?

கோட்டாறு_கீபோர்டு
சார், நான் சர்ச்சில் ரொம்ப வருஷமா வாசிக்கிறேன். டிஜிட்டல் பியானோ, அதாங்க கரன்ட்டில் ஓடுற பியானோ, அதை வாங்கிப் பணத்தை முடக்காதீங்க. அதில் ரிதம் இல்லை, சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீலும் இருக்காது, நாளைக்குப் பாப்பா நம்ம பாட்டு வாசித்து ஒரு கமகம் வைக்கணும்னா என்ன செய்வா? நல்ல 61 கீ ஒன்றே போதும்.

பாடம்_சொல்பவள்
கோட்டாறு அண்ணா சொல்வது மேடைக்கும் சர்ச்சுக்கும் ரொம்ப சரி, கமக விஷயத்தில் அவரை மறுக்கவே முடியாது. ஆனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது குழந்தை எந்தத் தேர்வு எழுதப் போகிறாள் என்பது. டிரினிட்டியில் பியானோ தனி, எலெக்ட்ரானிக் கீபோர்டு தனி, பாடத்திட்டமே வேறு வேறு. கீபோர்டு தேர்வு என்றால் ஆட்டோ அகம்பனிமென்ட், அதாவது மெஷினே பின்னணித் தாளமும் இசையும் போடுகிற வசதி, வேண்டும், அதற்கு அண்ணா சொல்லும் வகைதான் லாயக்கு. பியானோ தேர்வு என்றால் அந்த 600 டோனில், அதாவது விதவிதமான வாத்தியச் சத்தத்தில், 599 வீண்.

அடுத்தது, கடைக்காரர் சொன்ன 'டச் சென்சிட்டிவ்'. மெதுவாகத் தட்டினால் சத்தம் மெதுவாக வரும், ஓங்கித் தட்டினால் சத்தமாக வரும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கட்டைக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங். உங்களுக்கு வேண்டியது 'ஹேமர் ஆக்ஷன்', அதாவது நிஜப் பியானோவில் ஒரு சுத்தியலைத் தூக்கும் பாரம் விரலுக்குத் தெரிகிற மாதிரி உள்ளேயே எடை வைத்துச் செய்தது, இடது பக்கம் கனமாகவும் வலப் பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். கிரேடு 1 பாடங்கள் 61 கீக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதும் உண்மை, ஆனால் ஹேமர் ஆக்ஷன் வேண்டும் என்று போனாலே கையில் கிடைப்பது பெரும்பாலும் 88 கீதான். 'செமி வெயிட்டட்', அதாவது அரைகுறை எடை, என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் பட்ஜெட்டை ஒட்டி யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110 என்ற டிஜிட்டல் பியானோக்கள் இரண்டும் வரும். பி-145 என்பது 2023-இல் பழைய பி-45-க்குப் பதிலாக வந்தது. காசியோவில் ஒரு வசதி, ஆறு ஏஏ பேட்டரி போட்டும் ஓடும், கரன்ட் போகிற ஊருக்கு நல்லது. ரோலண்ட் எஃப்பி-10 விலை கொஞ்சம் மேலே போகும், ஆனால் கட்டையின் கனம் எனக்கு மூன்றிலும் அதுதான் பிடித்தது. பாலிஃபோனி (ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பது) 64, 96 என்று கணக்குச் சொல்லிக் குழப்புவார்கள், குழந்தைக்கு 64 தாராளம். கடைக்கு மகளையும் கூட்டிப்போய், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் மோசமான கட்டைகூட நல்லதாகத் தோன்றும்.

சேலம்_ரிப்பேர்
அந்தச் சும்மா பியானோவைப் பற்றி. அப்ரைட் என்றால் 200 கிலோவுக்கு மேல், முதல் மாடிக்கு ஏற்ற ஆள்கூலி, அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை ட்யூனிங். பல வருஷம் மூடியே கிடந்தது என்றால் கம்பி துரு, உள்ளே ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருக்கும், கம்பி சுற்றப்பட்டிருக்கும் முளைகள் மரத்தில் தளர்ந்துபோயிருந்தால் இன்று ட்யூன் செய்தது அடுத்த வாரம் நிற்காது. பக்கத்தில் ட்யூனர் இருந்து, அவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் பார்ப்பதானால் 88 கட்டையையும் ஒவ்வொன்றாக மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் திடீரென்று கத்தினால் உள்ளே கட்டையின் அழுத்தத்தை உணரும் காண்டாக்ட் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது தூசி. தூசி என்றால் சுத்தம் செய்யலாம், ஆனால் மொத்தத்தையும் பிரிக்கணும்.

திருச்சி_மாடிவீடு
எல்லாருக்கும் நன்றி. டீச்சரிடம் கேட்டேன், பியானோ தேர்வுதான். அப்ரைட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹெட்போன் போட்டால் ஹவுஸ் ஓனர் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது.

மூணாவது_மாடி
பாதிதான் தீரும் பிரதர். பாட்டு கேட்காது, ஆனால் கட்டை அடியில் போய் இடிக்கிற 'டொக் டொக்' ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கிக் கீழ்வீட்டு சீலிங்கில் நன்றாகவே கேட்கும், எங்கள் வீட்டில் இதற்கே பெரிய பஞ்சாயத்து நடந்தது. ஜிம்மில் போடுகிற தடி ரப்பர் மேட் வாங்கி ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், அடித்த பிறகு கொஞ்சம் தாமதித்துச் சத்தம் வந்தால் குழந்தைக்குத் தாளமே கெட்டுப்போகும். வயர் வைத்தது வாங்குங்கள், சில மாடலில் ஹெட்போன் சொருகும் துளை பெரிதாக இருக்கும், அதற்கு ஒரு அடாப்டர்.

எக்ஸ் ஸ்டாண்டு மலிவு என்று எடுக்காதீர்கள், ஆடும், முட்டியும் இடிக்கும். கம்பெனி மர ஸ்டாண்டு, இல்லாவிட்டால் கனமான இசட் ஸ்டாண்டு. உயரம் மாற்றுகிற ஸ்டூல் வேண்டும், முழங்கை கட்டைக்கு நேராக வரணும். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு மணை போடுங்கள்.

திருச்சி_மாடிவீடு
ஸ்டாண்டு, மேட் எல்லாம் சேர்த்து வாங்கிவிட்டோம். வாசித்துப் பார்த்ததில் மகளே தேர்ந்தெடுத்தாள். ஒரு சந்தேகம். மிதித்தால் சத்தத்தை நீட்டும் பெடல் தனியாக எடுத்தோம், அது தலைகீழாக வேலை செய்கிறது. காலை வைத்தால் சத்தம் நின்றுபோகிறது, எடுத்தால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மெஷினில் கோளாறா?

சேலம்_ரிப்பேர்
கோளாறு இல்லை, பொலாரிட்டி, அதாவது மிதித்தால் ஆனா ஆஃபா என்கிற கணக்கு மாறியிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைக்கும். ஆன் செய்யும்போது பெடலில் கால் இருந்தாலும் பல மெஷின்கள் இப்படித் தப்பாக எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்து, பெடலைப் பிடுங்கி மறுபடி சொருகி, காலை வைக்காமல் ஆன் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் பெடலுக்கு அடியில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், அதைத் தள்ளிவிட்டு மறுபடி ஆன் செய்யணும்.

திருச்சி_மாடிவீடு
அடியில் ஸ்விட்ச் இருந்தது அண்ணா. தள்ளியதும் சரியாகிவிட்டது.

கோட்டாறு_கீபோர்டு
அந்த 61 கீயை விற்காதீங்க சார். கிறிஸ்துமஸ் கேரலுக்கு வேண்டியிருக்கும்.