பிரேக்கை விட்ட பிறகும் முன் இடது சக்கரம் இறுகியே இருக்கிறது: பிரேக் ஹோஸ்தான் காரணமா?

வணக்கம். செலவைக் குறைப்பதற்காக என் காரின் சர்வீஸ் வேலைகளை வீட்டிலேயே செய்துவருகிறேன். சென்ற மாதம் முன் சக்கரங்களின் பிரேக் பேட்களை மாற்றியதிலிருந்து, பெடலை விட்ட பிறகும் இடது சக்கரம் மட்டும் இறுக்கம் தளராமல் இருக்கிறது. சிறிது தூரம் ஓட்டினாலே அந்த ரிம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. கருகிய வாடை வருகிறது. வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது.

பேட்களை டிஸ்கின் மீது அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, அது நகர்வதற்கான கைடு பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்குரிய சிலிகான் கிரீஸ் இட்டேன். பேட்கள் தாங்கியில் தடையின்றி நகர்கின்றன. பிஸ்டனின் ரப்பர் உறையும் கிழியவில்லை. முக்கியமான அறிகுறி இதுதான்: சக்கரம் இறுகியிருக்கும்போது காலிப்பரில் உள்ள பிளீடரை (ஆயிலை வெளியேற்றும் திருகு) சற்றே திறந்தால், பிரேக் ஆயில் சீறி வெளியேறி, சக்கரம் உடனே கையால் சுற்றும்படி தளர்ந்துவிடுகிறது. அதாவது, அழுத்தம் எங்கோ சிக்கி நிற்கிறது. குறுக்குவாட்டில் பிரிந்த சர்க்யூட் (முன் இடதும் பின் வலதும் ஒரே ஆயில் பாதையில்) என்பதால், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இருந்தால் பின் வலது சக்கரமும் இறுகியிருக்க வேண்டும். அது தாராளமாகச் சுற்றுகிறது. ஆகவே, காலிப்பருக்கு ஆயில் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி, ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறதோ என்று சந்தேகிக்கிறேன்; வெளியே வெடிப்போ கசிவோ தென்படவில்லை. பிரேக் விஷயம் என்பதால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஹோஸும் இரும்புக் குழாயும் இணையும் மேல் நட்டைத் தளர்த்தும்போது சக்கரம் விடுபடாமல், பிளீடரைத் திறந்தால் மட்டுமே விடுபட்டால், ஹோஸ்தான் பழுது என்று உறுதியாக முடிவு செய்யலாமா?