247 எழுத்தும் முடிச்சாத்தான் சொல்லா? தன்னார்வலர் வாசிப்பு வகுப்புச் சண்டை

செம்மொழியன்:
பள்ளிகளில் வாசிப்பு வகுப்பு தொடங்கக் கிளம்பியிருக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 247 எழுத்தும் தெரியாத பிள்ளையிடம் சொல் அட்டையை நீட்டாதீர்கள். கடைக்கால் போடாமல் சுவர் எழுப்புகிற வேலை அது.

கரும்பலகை:
வந்துட்டாருய்யா 247. ஐயா, ஒரே கேள்வி. 'ஙௌ' எந்தச் சொல்லில் வருது?

நாளுக்கு 5 எழுத்து, வாரம் 5 நாள்னா 247-ஐ முடிக்கப் பத்து வாரம். அதுவரைக்கும் ஒரு சொல்கூடப் படிக்காம எந்தப் பிள்ளை சாயந்திரம் வந்து உட்காரும்? முதல் நாள் ப, ட, ம, ட், ம் அஞ்சையும் கொடுங்க. படம், மடம், பட்டம், மட்டம் அன்னைக்கே வந்துரும். மறுநாள் துணைக்கால் (ா) மட்டும் சேருங்க: பாடம், மாடம். அச்சில் காலும் 'ர'வும் ஒண்ணு போலத் தெரியும். 'பாடம்'ங்கிறதைப் 'பரடம்'னு படிப்பாங்க, அதுக்கு ஒரு நாள் தனியா ஒதுக்குங்க.

செம்மொழியன்:
அங்ஙனம், இங்ஙனம் எல்லாம் கேள்விப்பட்டதில்லையோ?

கரும்பலகை:
அது ங. நான் கேட்டது ஙௌ.

மாலை_வகுப்பு:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. முதல்ல எந்தப் பிள்ளை எங்க நிக்குதுன்னு பார்க்கணும். ஒரே தாள்ல எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை. அஞ்சு சொல் கேட்டு நாலு சரின்னா அடுத்த படி. ஒவ்வொருத்தரையும் தனியா உட்கார வைங்க. வரிசையில் நிறுத்திக் கேட்டா பின்னால நிக்கிறவன் காதாலயே மனப்பாடம் பண்ணிருவான். அதனால தாளும் ரெண்டு விதமா இருக்கணும். அப்புறம் 3, 4, 5-ம் வகுப்பைக் கலைச்சுப் படிவாரியா பிரிங்க. அஞ்சாம் வகுப்புப் பையனை எழுத்துக் குழுவில் போட்டா கூசும், அவனை அட்டை பிரிச்சுக் கொடுக்கிற ஆளா வெச்சுக்கலாம்.

2021-ல் தமிழக அரசோட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தப்போ தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள்னு கணக்கு. ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூணு நிமிஷம். சத்தமா வாசிக்கிறதைக் கேட்க அது பத்தாது.

கரும்பலகை:
கேட்டீங்களா? மூணு நிமிஷம். அதில் ஙௌ-வுக்கு எத்தனை நொடி?

தலைமையாசிரியர்_பார்வை:
அட்டை, படி எல்லாம் சரி. சாவி யாரிடம்? கடைசி மணி அடித்தபின் அறையைத் திறந்து வைப்பது யார் பொறுப்பு? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அறை, கிழமை, நேரம், பொறுப்பாளர் எல்லாம் எழுத்தில் வாங்காமல் உள்ளே வந்துவிடுகிறார்கள். பேருந்தில் போகும் பிள்ளைகள் கிளம்பிய பிறகு எண்ணிப் பாருங்கள், உங்கள் குழுவில் பாதி காணாமல் போயிருக்கும்.

செம்மொழியன்:
கரும்பலகையார் கணக்குப்படி ஔகார வரிசையே வேண்டாம் போலிருக்கிறது. கௌதாரி, மௌனம், வௌவால் எல்லாம் எப்படிப் படிக்கும் பிள்ளை?

கரும்பலகை:
'கெளதாரி'ன்னு படிக்கும். ஏன்னா அச்சில் ௌ-வோட பின்பாதி அப்படியே 'ள'. 18-ஐயும் ஒப்பிக்கச் சொன்னாலும் இந்தக் குழப்பம் போகாது, சொல்லில் காட்டினாத்தான் போகும். நிஜமான தகராறு உகரத்தில். அங்க ஒரே குறி கிடையாது, மூணு கூட்டம். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு வலப்பக்கம் வளையும். கு, டு, மு, ரு, ழு, ளு தனி ஜாதி. கூட்டம் கூட்டமாக் கொடுத்தா ஒரு வாரம். அகர வரிசைப்படி கொடுத்தா மாசக்கணக்கு.

தமிழ்_மறவன்:
கவுதாரி, வவ்வால்னு எழுதினா பிரச்சினையே இல்ல.

செம்மொழியன்:
ஆரம்பிச்சாச்சு! அடுத்து ஐகாரத்தையும் 'அய்' ஆக்குவீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

தமிழ்_மறவன்:
அந்தச் சீர்திருத்தத்தையும் அன்னைக்கு உங்க ஆளுங்கதான் எதிர்த்தாங்க.

மாலை_வகுப்பு:
1978-ன்னதும் ஒண்ணு. நூலகத்தில் பழைய கதைப் புத்தகத்தை ஒளிநகல் எடுத்து அட்டை ஒட்டுறாங்க. அதில் லை, னை எல்லாம் துதிக்கை வெச்ச பழைய வடிவம். பிள்ளை திணறினா நம்மாளு 'எழுத்துப் படி'யில் இறக்கிடறார். தப்பு தாள்ல, பிள்ளை மேல இல்ல.

தலைமையாசிரியர்_பார்வை:
சாவி?

செம்மொழியன்:
போன முறை மணல் தட்டு வேண்டாம் என்று வாதாடியவரும் இதே கரும்பலகைதான். நினைவிருக்கிறது.

கரும்பலகை:
இப்பவும் வேண்டாம்தான். மணலில் எழுதினா எழுதத்தான் வரும், வாசிக்க வராது. பேச்சை மாத்தாதீங்க.

செம்மொழியன்:
எழுதத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியாதா? நல்ல வேடிக்கை.

கரும்பலகை:
கரும்பலகையைப் பார்த்து எழுதி நோட்டை நிறைக்கும், நோட்டை மூடினா ஒரு வரி படிக்காது. அப்படி எத்தனை பிள்ளை வேணும்? அது கிடக்கட்டும். ஙௌ-வுக்குச் சொல் கிடைச்சுதா?

செம்மொழியன்:
மொழியின் முழுமை உங்கள் சொல் அட்டைக்குள் அடங்காது.

கரும்பலகை:
ஆக, கிடைக்கல.