நம்ம ஆன்லைன் விண்வெளி ரோல்-பிளே கேம்ல (ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடுறது) செஷன் முடிஞ்சும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குற ஒரு சீன், உங்களுக்கு எது?

மெடிக்:
போன செஷன் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, அந்த ஏர்லாக் (காத்து வெளிய போகாம தடுக்குற ரெட்டைக் கதவு அறை) சீன் இன்னும் என்னை விட மாட்டேங்குது, அதான் இங்க கொட்டுறேன். எல்லாரும் கூட இருந்தீங்க, முதல்லேர்ந்து சொல்ல வேணாம். கப்பலோட பே-ல (பெரிய அறைல) ஓட்டை, காத்து போய்ட்டிருக்கு, நான் உள்கதவுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், எனக்குப் பின்னாடி காரிடார்ல நாப்பது பேரு. கதவு திறந்தே இருந்தா காரிடார் காத்தும் சேந்து போகும். இன்ஜினியர் ஓவர்ரைடுக்கு (சிஸ்டத்த மீறி இயக்கறதுக்கு) டைஸ் உருட்டுனான், 8 வேணும், 5 தான் வந்துச்சு. கதவ மூடுற பட்டன் என் கையில.

அவன் ஒண்ணும் கதைல பெரிய ஆளு கிடையாது. மேப்ல அவன் டோக்கன் மேல "கூட்டம் 3"ன்னுதான் எழுதியிருந்துச்சு. ரெண்டு செஷன் முன்னாடி அவன் கைல தீக்காயத்துக்கு நான் கட்டு போட்டேன், அப்ப ஒரு பேச்சுக்கு உன் பேரு என்னன்னு கேட்டேன், ஜி.எம். (கேம் மாஸ்டர், கதைய நடத்துறவரு) அண்ணா ஒரு மூணு செகண்ட் யோசிச்சுட்டு "மதி"ன்னாரு. அந்தக் கேள்விய கேக்காமயே இருந்திருக்கலாம்.

பட்டன அழுத்துனதும் அண்ணா எதையும் வர்ணிக்கல. எண்ண ஆரம்பிச்சாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, ஒரே குரல்ல, அவசரமே இல்லாம. ஒன்பதுல "கண்ணாடில கைய வெக்குறான், நீ போட்ட கட்டு தெரியுது"ன்னாரு. பத்து, பதினொண்ணு. வாய்ஸ்ல யாரும் பேசல, யாரோட மைக்லயோ ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பதினாலுன்னு சொன்னாரு. பதினஞ்சு வரல. நான் பதினஞ்சுக்காக காத்துட்டே இருந்தேன், இப்ப வரைக்கும் அந்தக் காத்திருப்பு முடிஞ்ச மாதிரி இல்ல.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்ல, சொல்லுங்க.

இன்ஜினியர்:
அக்கா நீங்க பண்ணது தப்பு இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன். ஆனா எல்லாரும் ஒரு விஷயத்த தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. 14-ல எண்ணுறத நிறுத்துனா அவன் செத்துட்டான்னு அர்த்தம் இல்ல. 1966-ல நாசாவோட வேக்குவம் சேம்பர்ல ஜிம் லெப்ளாங்க்னு ஒருத்தர் ஸ்பேஸ் சூட் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தப்ப ஹோஸ் கழண்டு சூட்ல பிரஷர் மொத்தமா போயிடுச்சு, சுமார் 14 செகண்ட்ல நினைவு தப்பி விழுந்துட்டாரு. நாக்குல எச்சில் கொதிக்கிற மாதிரி இருந்ததுதான் அவருக்கு கடைசியா ஞாபகம். சேம்பருக்குள்ள காத்த விட்டாங்க, ஆளு எழுந்துட்டாரு, நல்லாத்தான் இருந்தாரு. ரத்தம் கொதிக்கும், உடம்பு அப்படியே உறைஞ்சு போயிடும்னு நெனைக்கறதெல்லாம் தப்பு, ரத்தம் தோலுக்கும் ரத்தக் குழாய்க்கும் உள்ள பிரஷர்லதான் இருக்கு, சுத்தி காத்தே இல்லாதப்ப சூடும் அவ்ளோ வேகமா வெளிய போகாது. அந்தக் காலத்துல நாய்கள வெச்சு பண்ண சோதனைகள்ல 90 செகண்டுக்குள்ள காத்து கிடைச்சதுங்க பெரும்பாலும் பொழச்சுக்கிச்சு.

அதாவது மதிக்கு பதினாலுக்கு அப்புறமும் ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்துச்சு. காரிடார் ஆளுங்கள பின்னாடி தள்ளி, அடுத்த பல்க்ஹெட்ட (தடுப்புச் சுவர்க் கதவ) மூடிட்டு, இந்தக் கதவ திறந்து ஒருத்தர் சூட்ல உள்ள போய் இழுத்துட்டு வந்திருக்கலாம். அந்த நேரத்துல நாம ஒருத்தர் கூட வாயத் திறக்கல.

அப்புறம் எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பைலட் "மூச்ச அடக்கிக்கோ"ன்னு கத்துனான் பாருங்க, அதுதான் இருக்கறதுலயே மோசம். அடக்கி வெச்ச காத்து விரிஞ்சு நுரையீரல கிழிச்சுடும். வாயத் திறந்து மொத்தத்தையும் வெளிய விட்டுடணும்.

பைலட்:
சரி, எனக்குத் தெரியாது, கத்துனது தப்பு. ஆனா உனக்குத்தான் இவ்ளோ தெரியுதே, நீயும் அதே வாய்ஸ்ல தான இருந்த, அந்த ஒரு நிமிஷத்துல இதுல ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? நாலு நாள் கழிச்சு அக்காகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்.

என்னோடது கேனிமீட் (ஜூபிடரோட ஒரு நிலா) எஸ்கேப் பாட் (ஆபத்துல தப்பிக்குற சின்னக் கப்பல்). அஞ்சாவது செஷனோ ஆறாவதோ. அதே ஆர்பிட் (சுத்துப்பாதை), எனக்கு முன்னாடி 3 கிலோமீட்டர், லைட் மினுக் மினுக்னு தெரியுது. மூக்க அது பக்கம் திருப்பி இன்ஜின போட்டேன். ஜி.எம். "நிச்சயமா?"ன்னு ஒரு தடவ கேட்டாரு, நான் ஆமான்னுட்டேன். 3 வந்து 2.6 ஆச்சு, எல்லாரும் கைதட்டுனீங்க. அப்புறம் 2.9. அப்புறம் 3.5. நான் இன்னும் இன்ஜின போட்டேன். 5.

வேகத்த கூட்டுனா நம்ம ஆர்பிட் மேல ஏறிடும், மேல போனா சுத்தி வர நேரம் கூடும், அதனால பின்தங்கிடுவோம். முன்னாடி போறத பிடிக்கணும்னா மொதல்ல பிரேக் போட்டு கீழ இறங்கணும், கீழ இருக்கறது வேகமா சுத்தும், கிட்ட வந்ததும் மேல ஏறிக்கணும். இத நான் அப்புறமா உக்காந்து படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 1965 ஜூன்ல நாசாவோட ஜெமினி 4 விண்கலத்துல மெக்டிவிட்டும் தன்னோட ராக்கெட்டோட ரெண்டாவது ஸ்டேஜ் பக்கம் போக இதே மாதிரி மூக்க திருப்பி இன்ஜின போட்டு, கிட்டயே போக முடியாம எரிபொருள் நிறைய செலவாகி விட்டுட்டாரு. அதே வருஷம் டிசம்பர்ல ஜெமினி 6ஏ கணக்கு போட்டு போய் ஜெமினி 7-க்கு ஒரு அடி தூரத்துல நின்னுச்சு. ஆறே மாசம்.

ஆனா எனக்கு உறுத்துறது இந்தக் கணக்கு இல்ல. பாட்ல இருந்த பொண்ணு ரேடியோல "உங்க லைட் தெரியுது, கிட்ட வந்துட்டீங்கல்ல"ன்னு கேட்டுச்சு, அப்ப என் ஸ்க்ரீன்ல 3.5. நான் "ஆமாம்மா, வந்துட்டேன்"னு சொன்னேன். அப்புறம் வேற கப்பல் எடுத்துக்கிச்சுன்னு ஜி.எம். சொன்னாரு, அது என் மூஞ்சிக்காக சொன்னதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

கம்ஸ் (தகவல் தொடர்பு):
நீங்க சொல்றதெல்லாம் செஷனுக்குள்ள நடந்தது. என்னோடது செஷனே இல்லாத ஒரு நாள் டெக்ஸ்ட் சானல்ல நடந்தது, உங்க யாருக்கும் முழுசா தெரியாது.

பூமில இருக்குற கேரக்டருக்கும் நம்ம கப்பலுக்கும் நடுவுல நிஜ டைம்லயே டிலே வெக்கலாம்னு ஜி.எம். ரூல் போட்டாரு ஞாபகம் இருக்கா. ஜூபிடர் எங்க நிக்குதுங்கறத பொறுத்து வெளிச்சம் வந்து சேர 33 நிமிஷத்துலேர்ந்து 54 நிமிஷம் வரைக்கும் ஆகும், அவரு 43-ன்னு வெச்சாரு. நாம டைப் பண்றது அவர்கிட்ட போகும், சரியா 43 நிமிஷம் கழிச்சு எதிராளிக்கு அனுப்புவாரு. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு.

என் தம்பி கேரக்டர் கைல அந்தப் பெட்டி இருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சுச்சு. 9:10-க்கு "திறக்காத, என்ன ஆனாலும் திறக்காத"ன்னு அனுப்பிட்டேன், நிம்மதியா இருந்துச்சு. 9:31-க்கு அவன்கிட்டேர்ந்து ஒண்ணு வந்துச்சு, "உன் பதிலுக்கு இவ்ளோ நேரம் பாத்தேன் அக்கா, இன்னும் பத்து நிமிஷம் பாப்பேன், அப்புறம் திறந்துடறேன்"னு.

மொதல்ல எனக்கு உறைக்கல. இன்னும் பத்து நிமிஷம் இருக்கேன்னு வேகவேகமா அடுத்த மெசேஜ் டைப் பண்ண ஆரம்பிச்சுட்டேன். பாதில கை நின்னுடுச்சு. அவன் அத எழுதுனது 8:48-க்கு. திறந்தது 8:58. நான் "திறக்காத"ன்னு டைப் பண்ணப்பவே பன்னெண்டு நிமிஷம் முன்னாடி எல்லாம் முடிஞ்சிருக்கு.

ஆனா என் மெசேஜ் போய்ட்டுதான இருக்கு, அத நிறுத்தவும் முடியாது. 9:53-க்கு அங்க போய் சேரும், படிக்க யாரும் இருக்க மாட்டாங்க. நான் 9:53 வரைக்கும் போன கையில வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். அந்த 22 நிமிஷம் மாதிரி ஒரு நேரம் எனக்கு எந்த கேம்லயும் வந்ததில்ல.

கார்கோ:
என்னோடது சின்னது. உங்களோட சேர்றதுக்கு முன்னாடி நான் ஒரு ஆள உருவாக்குனேன், சர்வே பைலட், ரெண்டு பக்கம் கதை, அம்மாவுக்கு எழுதுன லெட்டர் உட்பட. நம்ம ஜி.எம். 1977-ல வந்த டிராவலர்ங்கற ரோல்-பிளே கேமோட ரூல்ஸ அப்படியே வெச்சிருக்காரு, அதுல ஆள உருவாக்கும்போதே நாலு நாலு வருஷமா (ஒவ்வொண்ணும் ஒரு டெர்ம்) சர்வீஸ் போகணும், ஒவ்வொரு தடவையும் உயிரோட இருக்கானான்னு உருட்டணும். மூணாவது டெர்ம்ல 3 வந்துச்சு, ஆள் காலி. கேம் ஆரம்பிக்கவே இல்ல. லெட்டர் இன்னும் என் ஃபோல்டர்ல இருக்கு.

இன்ஜினியர் தம்பி, அக்கா மனசு பாரமா இருக்குன்னு சொல்றாங்க, நீ பதிலுக்கு "காப்பாத்தியிருக்கலாம்"னு செகண்ட் கணக்கு சொல்ற. அது ஆறுதலா? அந்தக் கணக்க போடறதா இருந்தா மொத்தமா போடு. ரெண்டு டைஸ்ல 8 இல்ல அதுக்கு மேல வர 36-க்கு 15 வாய்ப்பு, 42 சதவீதம் கூட இல்ல. கூட ஒருத்தர் உதவி செஞ்சு +1 கிடைச்சா 7 போதும், 36-க்கு 21, அதாவது 58. ரெண்டு பேரு சேந்தா 26, 72 சதவீதம். கப்பல்ல அன்னைக்கு அஞ்சு பேரு இருந்தோம், நீ தனியாத்தான் உருட்டுன. நானும் "நான் உதவறேன்"னு சொல்லல, சொல்லியிருக்கணும். இனிமே முக்கியமான உருட்டுக்கு முன்னாடி யாரு யாருக்கு உதவறாங்கன்னு ஒரு தடவ கேட்டுட்டு உருட்டுவோம், இத ரூலாவே வெச்சுக்கலாம்.

அதோட எக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் பண்ணது, பத்து வருஷத்துக்கு மேல நெறைய டேபிள்ல யூஸ் பண்றாங்க. ஒரு சீன் தாங்க முடியலன்னா அந்த கார்ட தொட்டா போதும், ஏன்னு யாரும் கேக்கக் கூடாது, ஜி.எம். அத வெட்டிட்டு வேற பக்கம் போயிடணும். நமக்கு ஆன்லைன்ங்கறதால சாட்ல ஒரு எக்ஸ் போட்டா போதும். வாய்ஸ்ல வாய் வராத நேரத்துலயும் விரல் வரும். செஷன் முடிஞ்ச உடனே வாய்ஸ் கால கட் பண்ணாம பத்து நிமிஷம் கேரக்டர விட்டு வெளிய வந்து சாதாரணமா பேசுவோம். அன்னைக்கு பதினாலு முடிஞ்சதும் ஆளாளுக்கு "சரி, அடுத்த வாரம்"னு போயிட்டோம். அக்கா தனியா இருந்திருக்காங்க. அடுத்த தடவையிலேர்ந்து யாரு கஷ்டமான சீன் ஆடுனாங்களோ அவங்ககிட்ட ஒருத்தராவது தனியா பேசிடணும், நான் பேசறேன், எனக்கு ராத்திரி வேலை எதுவும் இல்ல.

மெடிக்:
கார்கோ அண்ணா, நன்றி, நிஜமாவே. ஆனா அன்னைக்கு கார்டு இருந்திருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். அந்த சீன வெட்டணும்னு எனக்கு தோணல. அவன் கைய வெச்சப்ப யாராவது ஒருத்தர் பாத்துட்டே இருக்கணும்னுதான் தோணுச்சு.

இன்ஜினியரு, ஒரு நிமிஷம் இருந்துச்சுன்னு நீ சொன்னத படிச்சுட்டு நேத்து எனக்கு தூக்கம் வரலடா. தப்பா எடுத்துக்காத, தெரிஞ்சது நல்லதுதான். ஆனா தூக்கம் வரல.

இன்ஜினியர்:
மன்னிச்சுடுங்க அக்கா. பைலட் கேட்டது சரி, நான் ஏன் அப்ப சொல்லலன்னு நானும் ரெண்டு நாளா யோசிச்சேன். 5 வந்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. இனிமே முடிவு என் கையில இல்ல, அக்கா கையிலன்னு. அதனாலதான் வாய் வரல. எனக்கு உறுத்துறது அதுதான், அத எழுதாம லெப்ளாங்க் கதைய எழுதிட்டேன்.

ஜி.எம்.:
எல்லாத்தையும் படிச்சேன். நான் எழுத வேணாம்னுதான் இருந்தேன், ஆனா இன்ஜினியர் இவ்ளோ தூரம் சொன்னதுக்கப்புறம் நான் சும்மா இருக்கறது நியாயம் இல்ல.

14 நான் வேணும்னே வெச்சதுதான். என் நோட்ல "14 நினைவு, 90 உயிர்"னு எழுதி வெச்சிருந்தேன். பதினாலு சொல்லிட்டு மைக்க மியூட் பண்ணிட்டு டைமர பாத்துட்டு இருந்தேன். யாராவது கேப்பீங்க, "இன்னும் உள்ள போகலாமா"ன்னு ஒரு வார்த்தை, கேட்டா கண்டிப்பா வழி விட்டிருப்பேன். 40. 60. ஃபேன் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. 80-ல என் விரல் அன்மியூட் மேலதான் இருந்துச்சு. "என்ன பண்றீங்க?"ன்னு கேக்கறதுதான் ஒரு ஜி.எம். செய்ய வேண்டிய முதல் வேலை, பத்து வருஷமா அதத்தான் கேட்டுட்டு இருக்கேன். அன்னைக்கு கேக்கல. அந்த அமைதி ரொம்ப நல்லா இருக்கு, கலைக்க வேணாம்னு நெனச்சுட்டேன். 90 தாண்டுனதும்தான் அடுத்த சீன் சொன்னேன்.

அந்தப் பேரு, அன்னைக்கு ஸ்க்ரீன்ல ஜூபிடரோட நிலாக்கள் மேப் திறந்திருந்துச்சு, அத பாத்து சொன்னதுதான் மதி.

அவன் டோக்கன நான் இன்னும் எடுக்கல. பே-ல அதே இடத்துல இருக்கு.

மெடிக்:
எடுக்காதீங்க அண்ணா. "கூட்டம் 3"ங்கறத மட்டும் மாத்துங்க.

ஜி.எம்.:
மாத்திட்டேன்.

இன்ஜினியர்:
சனிக்கிழமை ஓட்டைய அடைச்சதும் பே-க்குள்ள மொதல்ல நான் போறேன். அவன தூக்கிட்டு வர்றது நானாத்தான் இருக்கணும். யாராவது கூட வர்றீங்களா?

பைலட்:
வர்றேன்.

கார்கோ:
நானும்.